நாற்பத்து மூன்றோடு நின்ற மந்திரம்

கொக்குவில்
10.06.2025

அன்புள்ள றொகானுக்கு,

சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு படலையை அடித்துச் சாத்தின சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "என்ன பிள்ளை, தம்பி எங்கை வெளிக்கிட்டிட்டார்?" என்று கேட்டா. "மாமிக்குச் சுகமில்லையாம் அன்ரி, சாவகச்சேரிக்குப் போறார்" என்றேன். பாவம், ஒன்றும் அறியாத மாமியை நான் படுக்கையில் விழுத்திப்போட்டேன். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

மூன்று நாளாகப் போன் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. நீங்களும் கோட்டில் வழக்குகளுக்கு மொழிபெயர்த்துப் பழகின ஆள், இரண்டு கேள்வியில் என்னை மடக்கிவிடுவீர்கள். கடிதம் என்றால் சொல்லக்கூடாததை வெட்டிவிட்டு எழுதலாம். இதிலேயே நாலு இடத்தில் வெட்டியிருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கப் பார்க்காதீர்கள்.

அன்றைக்கு எங்கள் ஏழாவது கல்யாண நாள் என்பது எனக்கு மறக்கவில்லை. நீங்கள் விளைமீனும் கேக்கும் வாங்கிக்கொண்டு வந்ததையும் கண்டேன். நான் தையல் மெசினில் இருந்தேன். பின்னால் வந்து தோளில் கை வைத்தீர்கள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! நான் துள்ளி எழும்பி "தொடாதேங்கோ" என்றேன். அது உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரியும். சொன்ன எனக்கே செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது சொல்ல ஏலாது. முப்பதாம் திகதி வரைக்கும் கேட்காமல் இருங்கள். ஜூலை முதலாம் திகதி நீங்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். அதற்குப் பிறகு என்னோடு இருக்கிறதா இல்லையா என்று முடிவெடுங்கள். இருபது நாள்தான் கேட்கிறேன்.

மீனை அன்ரியிடம் கொடுத்துவிட்டேன். கேக் பெட்டி அவிழ்க்காமல் இருந்து, எறும்பு பிடித்துவிட்டது. உங்கள் ரை இரண்டும் கொடியில் தொங்குகின்றன. எதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கோட்டுக்குப் போகிறீர்கள்?

தனுஷிகா

* * *

சாவகச்சேரி
13.06.2025

தனுஷிகாவுக்கு,

நீர் படுக்கையில் விழுத்திய அம்மா இன்று காலை கிணற்றடியில் மூன்று போர்வை தோய்த்தா. அப்பாவின் பழைய ரை ஒன்று அலுமாரியில் இருந்தது, அதைக் கட்டிக்கொண்டு போகிறேன். ஆகவே கவலைப்பட வேண்டாம்.

நேற்று ஒரு விவாகரத்து வழக்கு. மாப்பிள்ளை அனுராதபுரப் பக்கத்து ஆள், சிங்களம். பெண் கொடிகாமம். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன், அவள் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். ஐந்து வருஷம் ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு நடுவில் நின்று நான் கதை மாற்றிக் கொடுத்தேன். பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது எங்களுக்கு இந்த வில்லங்கமும் இல்லையே, இரண்டு பேருக்கும் தமிழ்தானே என்று நினைத்தேன். பிறகு உமது கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

நீர் சொல்லாததை நான் கண்ணால் கண்டதிலிருந்து எழுதுகிறேன். ஒரு மாதமாக உமது பாய் அறைக்கு வெளியே. ஒரு மாதமாக வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை. விடிய நாலரைக்குத் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு விளக்கைக் கொளுத்தி, உதடு அசைய இருக்கிறீர். நான் எழும்பி வந்தால் வாயை மூடுகிறீர். ஏழு வருஷமாக உமது சாமி அறைக்குள் நான் மூக்கு நுழைத்ததில்லை. நீரும் என் வேதாகமத்தைத் தள்ளி வைத்ததில்லை. கல்யாணத்துக்கு முதல் உமது மாமன் கோப்பாய்ச் சந்தியில் வைத்து என் முகத்துக்கு நேரே உமக்குச் சொன்னார்: "வேதக்காரன் வீட்டிலை காலை வைச்சியெண்டால் உன்ரை பக்கத்திலை ஒண்டும் மிஞ்சாது." அதை இப்போது நம்பத் தொடங்கிவிட்டீரா? என் கை பட்டால் உமக்குத் தீட்டாகிறதா?

கோப்பாய்க்குத் திரும்பிப் போகிற எண்ணம் என்றால் சொல்லும். நான் மறிக்க மாட்டேன்.

முப்பதாம் திகதி வரை தவணை கேட்கிறீர். காரணம் காட்டாமல் கேட்டால் எந்த நீதிபதியும் தவணை தரமாட்டார்.

றொகான்

* * *

கொக்குவில்
17.06.2025

றொகான்,

தவணையாம், காரணமாம். அடுத்த கடிதத்தில் எனக்கு அழைப்பாணை வருமோ?

தீட்டு என்ற சொல்லை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? மாமா சந்தியில் நின்று கத்தியபோது நான் எங்கே நின்றேன்? உங்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டும் நான் இறங்கவில்லை. பிறகு என்ன விசர்க்கதை கதைக்கிறீர்கள்?

நீங்கள் கண்டதை எழுதிவிட்டீர்கள். நான் கண்டதை எழுதட்டா?

போன மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். மாமி செபம் செய்தா. "கர்த்தாவே, எங்கடை தனுஷிகாவின்ரை கர்ப்பத்தை நினைத்தருளும். இழந்துபோனதைத் திரும்பத் தாரும்" என்றா. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். எனக்குக் கண் மூடவில்லை. உங்கள் தங்கை ரேச்சல் ஒரு கண்ணைத் திறந்து என் வயிற்றைப் பார்த்தா. உங்கள் வீட்டில் வாய் திறந்து சொந்த வசனத்தில் கடவுளோடு கதைப்பது வழக்கம், அது எனக்குத் தெரியும், பிழை சொல்லவில்லை. ஆனால் என் வயிறும் என் இழவும் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிற சாமானா? நீங்கள் என் பக்கம் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். எல்லோரிலும் பார்க்கச் சத்தமாக "ஆமென்" என்றீர்கள்.

சரி, ஆமென் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து என்ன செய்தீர்கள்? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். கடவுளிடம் பிள்ளை கேட்டுவிட்டுப் பெண்சாதிக்கு முதுகைக் காட்டுகிற மனிசனை நான் வேறெங்கும் காணவில்லை.

வயிற்றில் ஆறு மாதமாக இருந்த பிள்ளை போய் இரண்டரை வருஷம். இரண்டரை வருஷமும் உங்கள் முதுகைத்தான் பார்த்தேன். நானாகக் கை நீட்டியது இரண்டு தரம். ஒரு தரம் "தலையிடி" என்றீர்கள். மற்றத் தரம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தீர்கள். மூன்றாம் தரம் நீட்ட எனக்குத் துணிவு வரவில்லை. இதையெல்லாம் ஆரிடம் போய்க் கேட்பது? என் அம்மாவிடம் கேட்கலாமா? எங்கள் வீட்டில் இந்தக் கதையை வாய் திறந்து கதைத்தவர்கள் இல்லை.

இவ்வளவு காலமும் இல்லாமல் சனிக்கிழமை ஒரு நாள் கேக்கோடு வந்து தொட்டுவிட்டு, நான் ஒரு சொல் சொன்னதற்குப் பையைத் தூக்கிவிட்டீர்கள். எனக்கும் கோபம் வரும் றொகான். வந்திருக்கிறது.

ஆனாலும் முப்பது வரை பொறுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தனுஷிகா

* * *

சாவகச்சேரி
20.06.2025

தனு,

உமது கடிதத்தைப் பஸ்ஸில் நின்றுகொண்டு வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மீசாலை வரை போய்விட்டேன்.

மேசையில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அவ அப்படியே அடுப்படிப் படியில் இருந்துவிட்டா. "நான் செபிச்சதாலே அந்தப் பிள்ளைக்கு மனம் நொந்ததோ? அவளை ஆண்டவர் மறக்கக் கூடாதெண்டுதானே வாய் விட்டுச் சொன்னனான்" என்றா. பிறகு, "நீ ஏன்ரா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்று என்னிலே பாய்ந்தா. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பியது உண்மை. தலையிடி என்றது பொய். உம்மை வேண்டாம் என்று நான் ஒரு நாளும் திரும்பியதில்லை. இதற்குக் கீழே எழுதிய மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். மற்றவர்களின் வாக்குமூலம் என்றால் நிற்காமல் வருகிறது. என்னுடையது வருகுதில்லை.

முப்பது வரை பொறுக்கிறேன். முதலாம் திகதி செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்ததும் நேரே வருகிறேன். நீர் சொல்ல இருப்பதைச் சொல்லும். எனக்கும் உம்மிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

றொகான்

* * *

கொக்குவில்
25.06.2025

அன்புள்ள றொகானுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வரவேண்டாம். ஐந்தாம் திகதி, சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கள். ஆறாம் திகதி வாருங்கள்.

இது என் கையில் இல்லாத ஒன்று. நேற்றுத்தான் தெரிந்தது. நான் வேண்டுமென்று பிந்திப் போடவில்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று நெஞ்சு அடிக்கிறது.

கோபிக்காதீர்கள். ஐந்து நாள்தானே. மாமியிடம் எனக்கு அவவில் கோபம் இல்லை என்று சொல்லுங்கள்.

தனுஷிகா

* * *

சாவகச்சேரி
28.06.2025

தனுஷிகாவுக்கு,

இரண்டாம் தவணை. மூன்றாம் தவணை எப்போது?

எட்டு நாளாக ஒரு வசனத்தை வாய்க்குள் வைத்து, அதை உமக்கு எப்படிச் சொல்வது என்று படித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித் துணிவை வரவழைத்தேன். நீர் "வரவேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர். உமது வீட்டில் என்ன நடக்கிறது? ஐந்து நாள் பிந்த வைக்கிறது எது? அது என்னிலும் பார்க்கப் பெரிதா? கோப்பாயிலிருந்து ஆரும் வந்து நிற்கிறார்களா? காணி, வீடு, வழக்கறிஞர் என்று ஏதாவது ஒழுங்கு நடக்கிறதா? என் மூளை போகிற போக்கு எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் காரணம் சொல்லாத இடத்தில் மூளை சும்மா இருக்காது.

மன்னாரில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இடம் வெறுமையாக இருக்கிறது. போக விருப்பமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். குறைந்தது மூன்று வருஷம். புதன்கிழமை, இரண்டாம் திகதி, பின்னேரம் நாலு மணிக்கு முதல் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை உமக்குச் சொல்லாமலே "வேண்டாம்" என்று எழுத இருந்தேன். இப்போது "ஓம்" என்று எழுத நினைக்கிறேன்.

மன்னார் தூரம் இல்லை. ஆனால் அங்கே போனால் நான் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும்.

றொகான்

* * *

கொக்குவில்
30.06.2025, மத்தியானம்

றொகான்,

தபாலில் போட்டால் வியாழக்கிழமைதான் வரும். குணலட்சுமி அன்ரிக்கு நாளைக்கு உங்கள் கோட்டில் எல்லைவேலி வழக்கு. அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன். வாசித்து முடிக்காமல் அந்த மன்னார்த் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் சொல்கிறேன். சிரிக்க வேண்டுமென்றால் சிரியுங்கள்.

சித்திரை வருஷப் பிறப்புக் கழிந்து ஒரு நாள் பிளவுஸ் ஒன்றுக்குக் கை தைத்துக்கொண்டு யூரியூப்பைப் போட்டேன். தாடிக்காரர் ஒருவர், தமிழ்நாட்டு ஆள். கணவன் மனைவிக்குள் அன்பு பெருக, நெருக்கம் கூட நாற்பத்தெட்டு நாள் சொல்ல வேண்டிய உமாமகேஸ்வர மந்திரம் என்றார். நெருக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சத்தத்தைக் குறைத்தேன், வீட்டில் நான் மட்டும் இருக்கும்போதே. கீழே பார்த்தால் ஏழு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஏழு லட்சம், றொகான்! உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மெசினில் தலையை வைத்து அழுதேன்.

மே ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை தொடங்கினேன். நாளுக்கு நூற்றெட்டுத் தரம், பொழுது விடிய முதல். மச்சம் மாமிசம் கூடாது. தனிப்பாய். நாற்பத்தெட்டு நாளும் கணவன் தொடக் கூடாது. ஒருவருக்கும் சொல்லக் கூடாது, முக்கியமாக அவருக்கு. சொன்னால் முறிந்துவிடும். மாதவிலக்கு நாளில் விளக்கடிக்குப் போக ஏலாது, அந்த நாள் கணக்கிலும் சேராது. இந்த மாதம் ஒரு கிழமை முந்தி வந்துவிட்டது. முப்பதாம் திகதி ஐந்தாம் திகதியானது அதனால்தான். கோப்பாயுமில்லை, வழக்கறிஞருமில்லை. உங்கள் மூளையைக் கழற்றிக் கழுவுங்கள்.

கணவனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் சங்கற்பம் செய்ய வேண்டும் என்றார் தாடிக்காரர். உங்களுக்கு எங்கே நட்சத்திரம்? மாமிக்குப் போன் எடுத்து, நீங்கள் எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள் என்று கேட்டேன். "எங்கடை வேதக் கோயில் மணி அடிக்கேக்கை பிள்ளை" என்றா. எந்த மணி, காலைமணியா மாலைமணியா என்று கேட்டால் ஏன் என்று கேட்பா. ஆருக்கு என்று சொல்லாமல் அன்ரியிடம் பொதுவாக விசாரித்தேன். "பேரைச் சொன்னால் காணும், ஆர் எண்டு அம்மாளாச்சிக்குத் தெரியும்" என்றா. ஆகவே நட்சத்திரம் இல்லாமல் "செபநாயகம் றொகான்" என்று சொல்லித் தொடங்கினேன். சாமி அறையில் அந்தப் பெயர் முதல் நாள் வித்தியாசமாகக் கேட்டது. பிறகு பழகிவிட்டது.

தகடு, தேசிக்காய், வசியம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மனதைக் கட்டிப்போட நான் கேட்கவில்லை. இவர் என் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான். பிள்ளை கேட்கவில்லை.

நீங்கள் தொட்ட அன்று இருபத்தைந்தாம் நாள். நான் கேட்டது அப்படியே வந்து தோளில் நின்றது. நான் அதைத் தட்டிவிட்டேன். மிச்சம் இருபத்து மூன்று நாளையும் முடித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்பினேன். என்ன மடைச்சி நான்! வந்த ஆளை வெளியே விட்டுவிட்டு, வரவேண்டும் என்று உள்ளே இருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று விடிய நாற்பத்து மூன்றாம் நாள். இன்னும் ஐந்துதான். முறியட்டும். உங்களை மன்னாருக்கு அனுப்பிவிட்டு நாற்பத்தெட்டையும் நிறைவேற்றி நான் என்ன செய்ய?

இவ்வளவுதான் என் ரகசியம். உங்களுடையதைச் சொல்லுங்கள்.

தனுஷிகா

* * *

சாவகச்சேரி, கோட்டு
01.07.2025

என் தனு,

அன்ரியின் வழக்கு ஒக்டோபருக்குத் தவணை போட்டாயிற்று. வேப்ப மரத்துக்குக் கீழே சோடா குடித்துக்கொண்டு இருக்கிறா. "தம்பி, ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போகவேணும், கெதியா எழுதும்" என்கிறா. ஆகவே இதைக் கிழிக்க நேரம் இல்லை. நல்லது.

நாற்பத்து மூன்றை நூற்றெட்டால் பெருக்கிப் பார்த்தேன். நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்து நாலு தரம் என் பெயரைக் கடவுளிடம் சொல்லியிருக்கிறீர். ஒரு தரம் என்னைக் கூப்பிட்டு, "ஏன் இப்பிடி?" என்று கேட்டிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. அது ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வந்தது வெட்கம். நீர் கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.

2023 தை மாதம். கொழும்பில் கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் உமக்கு இரத்தம் போகத் தொடங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிள்ளை போய்விட்டது. அடுத்த நாள் பெரிய டொக்டர் கட்டிலடிக்கு வந்து சிங்களத்தில் ஐந்தாறு வசனம் சொன்னார். நீர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னவாம் சொல்லுறார்?" என்று கேட்டீர். நான், "நல்லா ஓய்வெடுக்கட்டாம், இரத்தம் ஏறக் குளிசை தருவினமாம்" என்றேன்.

அவர் கடைசியாகச் சொன்னதை நான் உமக்குச் சொல்லவில்லை. "இன்னொரு கர்ப்பம் தங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து வரலாம். ஒரு நிபுணரிடம் முழுதாகக் காட்டி, அவர் சம்மதித்தால் மட்டும்தான். அதுவரை மிகவும் கவனம்." இதுதான் அவர் சொன்னது. ஆஸ்பத்திரித் துண்டிலும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அது என் கந்தோர் மேசை லாச்சியில் கிடக்கிறது.

பன்னிரண்டு வருஷம் கோட்டில் நிற்கிறேன். தகப்பனை வெட்டினவன் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறேன். சொல்கிறவன் வாயிலிருந்து வந்ததை நாங்கள் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான் ஒரு வசனத்தை விட்டேன். அது உமது வசனம். உமது முகத்தைப் பார்த்தேன், தனு. அந்த முகத்துக்கு அதைச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்வோம் என்று நினைத்தேன். பிறகு துக்கத்தின் முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்று நினைத்தேன். பிந்தப் பிந்த, ஏன் முதலே சொல்லவில்லை என்று நீர் கேட்பீர் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

பக்கத்தில் படுத்தால் உம்மைத் தொடுவேன். தொட்டால் உம்மைக் கொன்றுவிடுவேன் என்று நினைத்தேன். அதனால்தான் சுவர். நீர் கை நீட்டிய அன்று நான் விறாந்தையில் இருந்து அழுதேன், அது உமக்குத் தெரியாது. நத்தாரன்று அம்மா செபித்தபோது "அப்பிடிக் கேளாதேங்கோ" என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அதற்குப் பதிலாக ஆமென் என்று கத்தினேன். அந்த ஆமென் பொய். கடவுளுக்கு முன்னாலேயே பொய் சொன்னவன் நான்.

ஜூன் ஏழாம் திகதி சந்தையில் ஒரு கிழவர் தன் மனைவிக்குக் கூடை பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பயத்தை ஒரு நாளைக்குத் தள்ளி வைப்போம் என்று வந்துதான் உமது தோளில் கை வைத்தேன். நீர் துள்ளி எழும்பியதும், எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன். மிச்சத்தை வீராப்பு செய்தது.

மன்னார்த் தாள் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. நாளை நாலு மணி. நீர் சொல்கிறதை எழுதுகிறேன்.

அன்ரி எழும்பிவிட்டா.

றொகான்

* * *

சாவகச்சேரி, கோட்டு வாசல்
02.07.2025

றொகான்,

இதை விடிய எழும்பி எழுதினேன். அன்ரிக்கு இன்றைக்கு வழக்கு இல்லை. அதனால் நானே கொண்டுவந்திருக்கிறேன். வாசித்து முடிக்கும்வரை என்னோடு கதைக்காதீர்கள். கதைத்தால் நான் வாசலில் நின்று கத்துவேன், உங்கள் மானம் போகும்.

முதலில் கோபத்தைச் சொல்கிறேன். அது என் உடம்பு. என் உயிர். அதைப் பற்றி டொக்டர் சொன்னது எனக்கு வந்துசேர இரண்டரை வருஷம் எடுத்திருக்கிறது. எனக்குத் தாங்காது என்று நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்? பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அடுத்த கிழமை மெசினில் இருந்து ஊராரின் கல்யாணப் பிளவுஸ் தைத்தவள் நான். நீங்கள் சுவரைப் பார்த்தபோதெல்லாம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் உடம்பு உங்களுக்கு அருவருத்துவிட்டது, பிள்ளை செத்த வயிறு என்று கிட்ட வரப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்க்காமல் உடுப்பு மாற்றப் பழகினேன். சாவுக்குப் பயந்துகொண்டு இருக்கிறதிலும் பார்க்க அது நல்ல சீவியமா, சொல்லுங்கள்?

நேற்றுப் பின்னேரம் கடிதம் வந்ததிலிருந்து உங்களைத் திட்டினேன். உங்களுக்குக் கேட்காதபடியால் சுவருக்குச் சொன்னேன். இரவாகத் திட்டு முடிந்துவிட்டது. விறாந்தைக் கதிரையைப் பார்த்தேன். அதில் இருந்து நீங்கள் அழுததும், நான் அறைக்குள் அழுததும் ஒரே நேரம்தானே. நடுவில் ஒரு கதவு. அதுவும் சாத்தாத கதவு. எங்கள் இரண்டு பேரையும் நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். இன்னும் முழுதாக இல்லை. அதற்கு நாள் எடுக்கும். எத்தனை நாள் என்று எண்ண மாட்டேன், எண்ணி எண்ணிக் களைத்துவிட்டேன்.

மந்திரம் பலித்ததோ என்று அன்ரி கேட்டா. ஓம், அவவுக்கு இப்போது எல்லாம் தெரியும், நீங்கள் கடிதத்தை மடித்துக் கொடுத்தால் வாசிக்காமல் கொண்டுவருவா என்று நினைத்தீர்களா? எனக்குத் தெரியாது என்றேன். நேற்று விடியச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொன்னேன், நூற்றெட்டு என்று எண்ணாமல், வாய் களைக்கும்வரை. உங்களை மாற்றச் சொல்லித் தொடங்கியது. ஆனால் ஒரு ஆளின் பெயரை ஒவ்வொரு விடியலும் சொல்லிக்கொண்டு அவரை வெறுக்க ஏலாது. இல்லாவிட்டால் உங்கள் கடிதத்தை வாசித்தவுடன் நான் கோப்பாய்க்குத்தான் பஸ் ஏறியிருப்பேன்.

இனிச் செய்ய வேண்டியது. திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் நிபுணருக்கு நம்பர் எடுத்திருக்கிறேன். லாச்சியில் கிடக்கிற ஆஸ்பத்திரித் துண்டைக் கொண்டு வாருங்கள். அவ தமிழில் கதைக்கிற டொக்டர். நீங்கள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கலாம். பிள்ளை பெறலாமா, கூடாதா என்று அவ சொல்லட்டும். கூடாது என்றால் தங்காமல் இருக்க என்ன வழி என்று அவவிடமே கேட்பேன். வெட்கப்பட்டது காணும். கிளினிக் சுவரில் அதைப் படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள், நீங்கள் ஒரு நாளும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மன்னாருக்கு "வேண்டாம்" என்று எழுதுங்கள். இல்லை, போகத்தான் விருப்பம் என்றால் இரண்டு பேருக்குமாக வீடு பாருங்கள், தையல் மெசின் எங்கேயும் ஓடும். தனியப் போகிற கதையை மட்டும் என்னிடம் எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டரை வருஷமாக நீங்கள் பயந்தது இன்னொரு பிள்ளைக்கு. நான் ஏங்கியது உங்களுக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்திருக்கிறீர்களே, படித்த மனிசன்! பிள்ளை பெறாமலும் கட்டிப்பிடிக்கலாம், றொகான். இதை ஆரும் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லேல்லையோ?

தனு